வேலூருக்குப் போகாத தமயந்தி

தமயந்தி ஊசி போட்டால் வலியே தெரியாது. ஊசி இறங்கும்போதே தூங்கிப்போய் குறட்டை விட்ட ஆள்கூட எங்கள் தெருவில் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் கல்கத்தாவில் எங்கள் ஜாதவ்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். குறட்டை நான் சேர்த்தது. தூக்கத்திலும் முக்கால்வாசி என்னுடையது. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார் என்பது மட்டும் நிஜம். பயத்தில் மூடினாரோ என்னவோ. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு "எப்போ போடப் போறீங்க?" என்று கேட்டார். அதில் ஓர் எழுத்துகூட என் கைச்சரக்கு இல்லை.

தமயந்தி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸ். அவள் அப்பா முத்துகிருஷ்ணன் சாந்த்ராகாச்சி யார்டில் வண்டிகளைக் கோத்தும் பிரித்தும் அனுப்புகிற வேலையில் இருந்தவர். அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். பெட்டியும் பெட்டியும் மோதுகிற சத்தம் நின்றுபோனால் வீட்டில் குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்பாள். வீட்டில் பேச்சு தமிழ், வெளியில் வங்காளம். சண்டை போட அவளுக்கு வங்காளம்தான் வரும். அழுவதற்குத் தமிழ்.

படித்தது ஹௌராவில், ஓர் அரசு நர்ஸிங் பள்ளியில். ஹௌராவில் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை கோபுவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். அமைதியான பிள்ளை. அவனுடைய அம்மா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வேலையை விடச் சொல்லல. சம்பாதிக்கட்டும். ஆனா நர்ஸுன்னு வெளிய சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரியில வேலைன்னு சொல்லுங்க, போதும்."

அதிலிருந்து இன்றுவரை கல்யாண வீடுகளில் இதுதான் வழக்கம். தமிழர்கள் நிறைய இருக்கிற லேக் பக்கம் ஏதாவது கல்யாணத்தில் ஒரு மாமி கேட்பாள், "மாட்டுப்பொண்ணு என்ன பண்றா?" "ஆஸ்பத்திரியில வேலை." "ஓ, டாக்டரா?" அந்த இடத்தில் மாமியாருக்குப் பாயசத்தில் ஏலக்காய் அதிகமாகிவிட்டது ஞாபகம் வரும். பேச்சு பாயசத்துக்குப் போய்விடும். தமயந்தி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நம்மவர்களிடம் இப்படி. வங்காளிகளிடம் வேறு கதை.

கல்கத்தாவில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் அடுத்துக் கேட்கும் சொல் வேலூர்தான். தெருவுக்கு நாலு குடும்பமாவது ரயிலேறிப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வந்திருக்கும். வந்தவர்கள் பயாப்ஸியைப் பற்றியும் இட்லியைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுவார்கள். அவர்கள் வாயில் அது 'பேலோர்'. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் தமிழ்நாட்டுக்காரி, அதோடு நர்ஸ் என்றால் மேற்கொண்டு விசாரிக்க என்ன இருக்கிறது?

முதலில் கேட்டவர் முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் தாஸ். "தீதி, நீங்க பேலோர்தானே?"

"இல்ல தாதா. ஹௌரா."

தாஸ் சிரித்தார். பெரிய இடத்துப் பெண் அடக்கமாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை வேறொருவர் கேட்டபோதும் இல்லை என்றாள். அதற்கடுத்த முறை தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று யாராலும் சொல்ல முடியாத ஓர் ஆட்டல் நம்மிடம் உண்டே, அது. தெரு அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் 'பேலோர் தீதி', வேலூர் அக்கா.

மீன்காரி அவளைக் கண்டால் மற்றவர்களை விலக்கிவிட்டு வழி விடுவாள், இத்தனைக்கும் தமயந்தி வாங்குவது முருங்கைக்காய். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவளிடம் காட்டி "சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். "டாக்டர் எழுதியிருக்காரே, சாப்பிடுங்க" என்பாள். பேலோர் தீதியே சொல்லிவிட்டாள் என்று போவார்கள். சொந்தத் தொழிலின் பெயரைக் கல்யாண வீட்டில் சொல்லக் கூடாத ஒரு பெண்ணுக்குத் தெருவெல்லாம் மரியாதை கிடைத்தால் அதை வேண்டாம் என்று தள்ளச் சொல்லி நான் எந்த முகத்தோடு புத்தி சொல்வது? அவள் குடியிருக்கும் வீட்டுக்காரி என்பதால் எனக்கும் காய்கறிக்காரன் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டான். நானும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வீடு தள்ளி கோஷால். கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் நின்று "டாக்ஸி" என்று கூப்பிட்டால் மூன்று வண்டி நிற்கும். அப்படிப்பட்ட குரல். போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு அந்தத் தொண்டையில் ஒரு கட்டி என்றார்கள். வேலூருக்குப் போகக்கூட அவகாசமில்லை, இங்கேயே ஆபரேஷன் ஆயிற்று. கட்டியோடு குரலும் போயிற்று. உள்ளே தையல். ஆறும்வரை வாயால் ஒன்றும் விழுங்கக் கூடாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய், அதில்தான் கஞ்சி, தண்ணீர், மருந்து எல்லாம். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்கள்: குழாய் வெளியே வந்துவிட்டால் யாரும் தொடாதீர்கள், உடனே அழைத்து வாருங்கள்.

மனிதர் படுக்கையில் உட்கார்ந்து, வேண்டியதையெல்லாம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டித் தட்டிக் கேட்பார்.

ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம். காலையிலிருந்து விடாத மழை. எங்கள் தெருவில் மழை என்றால் தண்ணீர் தரையிலிருந்து மேலே வரும். முழங்கால்வரை ஏறிவிட்டது. தமயந்தி காலை டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மை மாற்றிவிட்டு, என் வீட்டுக் கூடத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கோஷாலின் மனைவி, எங்களுக்கெல்லாம் பௌதி, அதாவது அண்ணி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து வாசலில் நின்றாள்.

"தமயந்தி, குழாய் வந்துடுச்சு. இருமினார், அதோட வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டைத் தாண்டி உள்ள வராதாம். நீ வா."

அவர்கள் பேசியதெல்லாம் வங்காளம். எனக்கு வசதியான தமிழில் எழுதுகிறேன். தமயந்தி எழுந்து போனாள். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அங்கே கோஷால் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகலில் துணைக்கு வரும் ஆயா சுவரோரமாக நின்றிருந்தாள். மருந்துக்கடை தாஸ் ஒரு புதுக் குழாயைப் பாக்கெட்டோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"டிஸ்சார்ஜ் பண்றப்போ என்ன சொன்னாங்க பௌதி?" என்று கேட்டாள் தமயந்தி.

"தொடாதீங்கன்னு எங்களைத்தானே சொன்னாங்க. உன்னையா சொன்னாங்க?"

"இல்ல, இது உள்ள தையல் போட்ட இடம்..."

"ஒரு நிமிஷ வேலை தீதி," என்றார் தாஸ். "உங்க பேலோர்ல கண்ணை மூடிட்டே போடுவாங்க. என் மச்சான் நேர்ல பார்த்திருக்கான்."

தமயந்தி எத்தனையோ பேருக்குக் குழாய் போட்டவள். பக்கவாதத்தில் படுத்தவர்கள், நினைவில்லாதவர்கள், கையைத் தட்டிவிடும் கிழவர்கள். ஆனால் தொண்டைக்குள் புதுத் தையல் இருக்கிற ஒருவருக்கு அவள் போட்டதில்லை. அவள் படித்த பாடத்திலும் வார்டு நடைமுறையிலும் அதற்கு ஒரே பதில்தான்: நர்ஸ் தொடக் கூடாது. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே போட வேண்டும். பார்க்காமல் தள்ளினால் தையல் கிழியலாம், கிழிந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்வதற்கு வாயையும் திறந்தாள்.

டம்ளரில் ஸ்பூன் ஒலித்தது. கோஷால் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு ஸ்பூனால் தமயந்தியைச் சுட்டிக் காட்டினார். கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இவள் போடட்டும் என்று அர்த்தம்.

அந்த அறையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: எனக்கு இது தெரியாது. பேலோர் தீதி என்று கூப்பிடுகிறவர்கள் நடுவில் அந்த வாக்கியம் அவளுக்கு வரவில்லை. எனக்கு மட்டும் வந்ததா என்ன? அவள் எங்கே படித்தாள் என்று தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். எந்தப் பேச்சிலும் மூக்கை நுழைக்கும் நான் அன்றைக்கு மட்டும் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கையைக் கழுவினாள். தாஸ் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டாள். குழாயை மூக்கிலிருந்து காதுவரை, காதிலிருந்து மேல்வயிறுவரை வைத்து அளந்தாள். நுனியில் ஜெல்லி தடவினாள். கோஷாலின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாள். குழாய் போயிற்று. இன்னும் கொஞ்சம் போயிற்று. அப்புறம் தடுக்கியது. நெருப்பைத் தொட்டவள்போல் கையை நிறுத்தி, மெதுவாக வெளியே எடுத்துவிட்டாள். நுனியில் நூல்போல ஒரு சிவப்பு.

ஜன்னல் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தமயந்தி அந்த நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் வேலூர் இல்ல. வேலூரை நான் பார்த்ததே இல்ல. ஹௌராவுல படிச்சேன். இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவங்களுக்கு நான் போட்டதும் இல்ல. போடவே கூடாது. தெரிஞ்சேதான் போட்டேன்."

தாஸ் கையிலிருந்த காலிப் பாக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பௌதி முதலில் என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன். கோஷால் தமயந்தியின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அவளே மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஒரு வேன் பிடிங்க," என்றாள். "நானும் வரேன்."

சைக்கிள் வேன், அதாவது மிதித்து ஓட்டும் தட்டுவண்டி, ஓட்டுகிற ஒருவனை தாஸ் பிடித்து வந்தார். மேலே பிளாஸ்டிக் ஷீட், நடுவில் கோஷால், இந்தப் பக்கம் பௌதி, அந்தப் பக்கம் தமயந்தி. எனக்கு இடமில்லை. அதனால் இதற்கு மேல் கொஞ்சம் பௌதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேன் போகும்போது பௌதி சொல்லியிருக்கிறாள். "தமயந்தி, நீ உள்ள வராத. இருமினார், தானா வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லிடறேன். யாரும் தொடலைன்னு சொல்லிடறேன். நாங்களும்தானே உன்னைக் கட்டாயப்படுத்தினோம். வெளியில தெரிஞ்சா உன் வேலைக்கு ஆபத்து."

"சொல்லலைன்னா அவங்க வெறுமனே புதுக் குழாய் போட்டு அனுப்பிடுவாங்க பௌதி. எங்க உரசியிருக்குன்னு தேட மாட்டாங்க. தேடணும்."

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். நேற்றுத்தான் மீசை முளைத்தவர்போல இருந்தார் என்றாள் பௌதி. 'வீட்டுல யாராவது திரும்பப் போட்டுப் பார்த்தீங்களா?' என்று கேட்டார். தமயந்தி முன்னால் வந்து, "நான்தான் சார். நான் ரெஜிஸ்டர்ட் நர்ஸ்" என்றாள். மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னாள், பௌதிக்குப் பிடிபடவில்லை. டாக்டர் பதில் சொன்னது வங்காளத்தில். வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"பக்கத்து வீட்டு அக்கா யாரோ தெரியாம பண்ணிட்டாங்கன்னா மன்னிச்சிருப்பேன். நர்ஸா? நர்ஸ் பண்ற காரியமா இது?"

அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி நின்றாளாம்.

கோஷாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமரா விட்டுத் தேடினார்கள். தையலுக்குக் கொஞ்சம் மேலே ஓர் உராய்வு, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே குழாயைப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மயிரிழை தப்பியது என்று அந்த டாக்டர் பௌதியிடம் சொன்னார். அதை நான் மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் வேலை பார்க்கும் நர்ஸிங் ஹோமுக்கு இது தெரிய வழியே இல்லை. மறுநாள் காலை டியூட்டிக்குப் போனவள் நேராக மேட்ரன் பூர்ணிமாவின் அறைக்குப் போய் நின்றாள். பூர்ணிமா யாருக்கும் உட்கார நாற்காலி காட்டாத மனுஷி. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாளாம்.

"யூனிஃபார்மைக் கழட்டி ஆணியில மாட்டினே, சரி. ரெஜிஸ்ட்ரேஷனையும் கூடவே மாட்டிட்டுப் போயிட்டியா?"

கொஞ்ச நாளைக்கு அவள் குழாய் போடும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு நர்ஸ் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. அப்படி நின்ற பெண்களில் பாதிப் பேருக்குக் குழாய் போடக் கற்றுக்கொடுத்தவளே தமயந்திதான்.

அன்று சாயங்காலம் மாடியில் கோபு பேசியது படிக்கட்டு வழியாக என் காதுக்கும் இறங்கி வந்தது.

"உன்னை யாரு கேட்டா? எதுக்குப் போய்ச் சொன்ன? டியூட்டி நேரத்துலயா நடந்துச்சு?"

"டியூட்டி நேரமா இருந்தா தொட்டிருக்கவே மாட்டேன். அதான் கேவலமா இருக்கு."

"இதுல என்ன கேவலம்? உதவி பண்ணப் போன."

"உதவி இல்லங்க. இல்லைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. வார்டுல யாராச்சும் சின்னப் பொண்ணு இப்படிப் பண்ணியிருந்தா நான் அவளை விட்டிருப்பேனா? தெருவுக்கு வந்தா மட்டும் வேற ஆளாயிடுறேன்."

மாமியார் சொன்னாள், "இதுக்குத்தான் நர்ஸுன்னே வெளிய சொல்ல வேண்டாம்னேன்." எந்தப் பக்கம் போனாலும் அவள் பக்கமே நியாயம் வந்து நிற்கிற மாதிரி பேசுகிற வரம் அந்த அம்மாளுக்கு.

அதன் பிறகு தமயந்தி ஒரு வேலை செய்தாள். கடை கடையாகப் போய்ச் சொன்னாள். மருந்துக்கடை, மீன்காரி, இஸ்திரிக்காரர், பால் பூத். "நான் ஹௌராவுல படிச்சேன். பேலோர்னு நீங்க சொன்னப்போ சும்மா இருந்துட்டேன், அது தப்பு." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவாள். தாஸ் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்தவர், அவள் போனபிறகுதான் நிமிர்ந்தார். அவரும் அந்தக் குழாயைக் கொண்டுவந்தவர்தானே. மீன்காரி மட்டும் மனசில் பட்டதைச் சொன்னாள். "ஹௌராவா? எங்க அக்கா பொண்ணும் ஹௌராதான். சும்மாவா இவ்வளவு நாள் வழி விட்டேன்?" இப்போது தமயந்தி முருங்கைக்காய் வாங்க வரிசையில் நிற்கிறாள்.

மருந்துச் சீட்டைக் காட்ட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. கோஷால் வீட்டு ஜன்னல்தான் அவளுக்குக் கஷ்டம். அந்த மனிதர் அவள் போவதைப் பார்த்துவிட்டால் டம்ளரைத் தட்டிக் கூப்பிடுகிறார். கோபமாகத் தட்டுகிறாரா, பிரியமாகத் தட்டுகிறாரா என்று தெரியவில்லை; ஸ்பூனுக்குக் குரல் ஒன்றுதானே. அவள் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். செப்டம்பரில் ஒரு நாள் பௌதியே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அதற்குள் குழாய் எடுத்தாகிவிட்டது, கோஷால் கஞ்சி விழுங்கப் பழகிக்கொண்டிருந்தார். தமயந்தியை உட்காரச் சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கிண்ணம் கஞ்சியை முழுசாக விழுங்கிக் காட்டினார். அவள் தலை நிமிரவில்லை. "மெதுவா, மெதுவா" என்று மட்டும் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று அவளுக்கே படித்துக் காட்டினேன். எனக்கு பி.பி. பார்க்க இறங்கி வந்திருந்தாள். மாமியாரும் பாயசமும் வந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாள். கோஷால் வீட்டு அறை வந்ததும் கையில் சுருட்டிக்கொண்டிருந்த பி.பி. பட்டையை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

"மாமி, அந்த இடத்தை இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன். குழாய் தடுக்கியது, நெருப்பைத் தொட்டவள்போல் கையை நிறுத்திவிட்டாள் என்று.

"அப்படி இல்ல மாமி."

"என்னடி இல்ல? நான் ஒரு முழம் தள்ளி நின்னுண்டிருந்தேன். நானே பார்த்தேனே."

"நீங்க பார்த்தீங்க. தடுக்கினது கைக்குத்தானே தெரியும்?" பட்டையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள். "தடுக்கின உடனே நிறுத்தல. எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க. இன்னொரு தடவை அழுத்தினேன். அந்த ரெண்டாவதுலதான் ரத்தம் வந்துச்சு. டாக்டர்கிட்டயும் மேட்ரன்கிட்டயும் ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கேன். நீங்க ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. அதை மாத்துங்க."